அத்தை இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை

உப்புச் சாடி அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது. தெய்வானை அதைப் பார்த்ததும் கையிலிருந்த இரண்டு வெட்டுக்கத்தியையும் பலகையில் வைத்துவிட்டாள். நேற்றுச் சாயங்காலம் ரசத்துக்குப் போட்டுவிட்டு, ஸ்டூலில் ஏறி, மேல் அலமாரியில் பிஸ்கட் டின்களுக்குப் பின்னால் தானே அதைத் தள்ளி வைத்தது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஒன்றரை வருஷமாக அந்த வீட்டில் உப்புக்கு அதுதான் இடம். யாருடைய கைக்கு எட்டக்கூடாதென்று அப்படி ஒளித்தாளோ அந்த அத்தை, புருஷனின் அம்மா, செத்து இன்றோடு ஒரு வருஷம் முடிகிறது. ஆனாலும் பழகின கால் பழகினபடியே ஸ்டூலில் ஏறி இறங்குகிறது. புருஷன் கியோங் எடுத்திருப்பார். காலையில் பசாருக்குக் கிளம்புமுன் முட்டை தின்றாரே, அதற்கு எடுத்திருப்பார். அவர் முட்டைக்குக் கிச்சாப், அந்தச் சோயாச் சாறு, ஊற்றிக்கொள்கிற ஆள், ஐம்பத்தாறு வயதுவரை உப்புத் தொட்டுத் தின்று அவள் பார்த்ததில்லை; அது வேறு விஷயம். மனுஷனுக்கு ஒரு நாளாவது புத்தி மாறக்கூடாதா என்ன? ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, சாடியைப் பழைய இடத்திலேயே வைத்து, கதவைச் சாத்தி, கொக்கியையும் மாட்டினாள்.   வெளியே தைப்பிங் ஊருக்குப் பேர்போன மழை காலை ஒன்பது மணிக்கே பிடித்துக்கொண்டுவிட்டது.

கத்திகளை மறுபடி எடுத்து, கொத்து, கொத்து என்று கொத்தினாள். அரைத்த பன்றிக்கறி கடையில் கிடைக்கும், ஆனால் அத்தை அதைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இரண்டு கையிலும் இரண்டு கத்தி, கொழுப்பும் கறியும் கலந்த துண்டு, பலகையில் மழை மாதிரி விடாமல் விழ வேண்டும். அத்தையின் அப்பா சீனாவில் ஏதோ பெரிய ஆற்றங்கரை ஊரிலிருந்து வந்தவராம். இந்தக் கறி உருண்டையை இந்தத் தெருவில் வேறு எந்தச் சீனர் வீட்டிலும் செய்வதில்லை. சிங்கத்தலை என்று பேர். உருண்டைதான் தலை, மேலே போர்த்துகிற கோபிஸ் இலை, அந்தச் சீனக் கோஸ்தான் பிடரி. கல்யாணமாகி வந்த புதிதில் அதைக் கேட்டுத் தெய்வானை சிரித்திருக்கிறாள். இப்போது சிரிப்பு வரவில்லை, தலை என்ற சொல்லே வேண்டாமாயிருந்தது. அத்தை செத்தபோது முன்னால் இருந்தது இதே பதார்த்தம்தான். கிண்ணத்தில் இரண்டு உருண்டை, ஒரு வாய்கூட எடுக்காமல், நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டாள். சீனர்களுக்கு இதைவிடப் பெரிய பயம் கிடையாது. பசியோடு போனவர் பசியோடேயே அலைவார் என்பார்கள். நாற்பத்தொன்பதாம் நாள் கோழி வைத்துப் படைத்தார்கள், கல்லறைக்குப் போகிற நாளில் வாத்து வைத்தார்கள், செத்தவர்களுக்கான ஏழாம் மாதம் மீன் வைத்தார்கள். படைத்து, ஊதுவத்தி பாதி எரிந்ததும், இரண்டு காசை எடுத்து, சாப்பிட்டாச்சா என்று கேட்டுத் தரையில் போடவேண்டும். ஒரு பக்கம் சிவப்புச் சாயம் பூசிய காசுகள். ஒன்று சிவப்பும் ஒன்று வெறுமையுமாக விழுந்தால் சாப்பிட்டாயிற்று, வீட்டார் எடுத்துச் சாப்பிடலாம். இரண்டும் ஒன்றாக விழுந்தால் இன்னும் முடியவில்லை, காத்திரு. மூன்று தடவையும் காசு முடியவில்லை என்றுதான் சொன்னது. ஒவ்வொரு தடவையும் ஏழெட்டு முறை போட்டுவிட்டு, வத்தி அணைந்ததும் கியோங் கையெடுத்துக் கும்பிட்டு, "பரவால்லலா, எடுத்து வை, ஆறிப் போவுது" என்பார். பிறகு யாரும் ஒழுங்காகச் சாப்பிட்டதில்லை. இன்றைக்கும் முடியவில்லை என்று வந்துவிட்டால்? அப்படி வரக்கூடாது. வரக்கூடாது என்றுதான் அன்றைக்கு வைத்த அதே பதார்த்தத்தை, அதே சட்டியில், ஒரு வருஷம் கழித்துத் தொடுகிறாள்.

இஞ்சிச் சாறு, வெங்காயத்தாள் ஊறிய தண்ணீர், ஒரு மூடி சீனச் சாராயம், சோளமாவு, கெட்டிக் கறுப்புக் கிச்சாப். கிச்சாப் விழுந்ததும் கறி நிறம் மாறியது. கையை உள்ளே விட்டுக் கிண்ட ஆரம்பித்தாள். ஒரே திசையில்தான் கிண்ட வேண்டும். "ஒரு பக்கமாவே சுத்து தேவா. மாத்திச் சுத்தினா கறிக்குக் கோவம் வரும். சட்டியில ஒடஞ்சு போவும்லா." அத்தை பசாரில் முப்பது வருஷம் தமிழாள்களுக்குக் கீரை விற்றுக் கற்ற தமிழ் அது. அத்தையின் பேர் மே லான்; தெய்வானையைத் தேவா என்றுதான் கூப்பிடுவாள். சீனப் பையனைக் கட்டிக்கொண்டு வந்ததற்காகத் தெய்வானையின் சொந்த வீட்டில் ஐந்து வருஷம் யாரும் எட்டிப் பார்க்காதபோது, இந்தக் கிழவிதான் தினம் சாயங்காலம் பசாரிலிருந்து முருங்கைக்கீரை ஒரு கட்டு எடுத்துவந்து, "ஒங்க ஆளுங்க சாப்பாடு, நீ செய்யி, நானும் சாப்பிடுறேன்" என்று நீட்டுவாள். அதை நினைத்தால் அழுகை வருகிறது. அழுதால் கண்ணீர் கறியில் விழும், கண்ணீரில் உப்பு இருக்கிறது, விழக்கூடாது. என்ன நினைப்பு இது! கண்ணீர் விழுந்தால் விழட்டுமே, இப்போது யாருக்கு என்ன ஆகப்போகிறது, செத்தவளுக்குச் சிறுநீரகமா கெடப்போகிறது? சுற்று, சுற்று. குளிர்ந்த கறி விரலிடுக்கில் புகுந்து புகுந்து வெளியே வந்தது. எத்தனை சுற்று ஆயிற்று, நூறா, இருநூறா, அத்தை எண்ணவே மாட்டாள், கறி கையைப் பிடித்துக்கொள்ளும்போது போதும் என்பாள். கறி கையைப் பிடித்தது. நிஜமாகவே பிடித்தது. தெய்வானை கீழே பார்த்தாள். கை இடப் பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. வலப் பக்கமாகத்தானே ஆரம்பித்தோம்? எப்போது மாறியது? அத்தை இடது கைக்காரி. அத்தை எப்போதும் இடப் பக்கமாகத்தான் சுற்றுவாள். தெய்வானை கையை வெளியே எடுத்து, கொஞ்ச நேரம் தூக்கிப் பிடித்தபடியே நின்றாள். பிறகு வேறு வழியில்லாமல், உடைந்துவிடக் கூடாதே என்று, கடைசியாகச் சுற்றிய பக்கமே சுற்றி முடித்தாள்.

கொஞ்சம் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்க்கலாமா என்று கை வாய்வரை வந்தது. பச்சைக் கறியையா, சீ. வெந்த பிறகும் பார்க்கக்கூடாது, இது படையல். அவள் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்தில் அப்பாவுக்கு முதல் திவசம் வந்தபோது அவளுக்கு ஒன்பது வயது. பாயசப் பானையில் ஒரு விரல் விட்டு நக்கினாள், அவ்வளவுதான். அம்மா பார்த்துவிட்டாள். "எச்சப் பண்ணிட்டியே பாவி, ஒங்கப்பன் பட்டினியாப் போவாருடி" என்று பானையோடு தூக்கிக் காட்டாற்றில் கொட்டினாள். அடித்திருந்தால்கூட மறந்திருக்கும். வெள்ளைப் பாயசம் தண்ணீரோடு போனதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. அன்றிலிருந்து படையலுக்குச் செய்வதை அவள் மோந்துகூடப் பார்ப்பதில்லை. அத்தை இதற்கு நேர் எதிர். பத்து வருஷம் முன்னால் காய்ச்சல் ஒன்று வந்து அத்தையின் நாக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டது. புளிப்பு, உப்பு, காரம் ஒன்றும் தெரியாது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரே நாக்குத்தான், அது தெய்வானையின் நாக்கு. ஒவ்வொரு வேளையும் அத்தை சட்டியிலிருந்து ஒரு துண்டைச் சாப்பாட்டுக் குச்சியில் எடுத்து ஊதி அவள் வாய்க்கு நேரே நீட்டுவாள். "உப்பு?" என்பாள். தெய்வானை தலையாட்டினால்தான் அடுப்பை அணைப்பாள். "ஒன் நாக்கு, என் நாக்கு" என்று மார்பைத் தட்டிச் சிரிப்பாள். பல்லில்லாத அந்தச் சிரிப்பு.

உருண்டை பிடிக்கிற நேரம். கையளவு எடுத்து இந்த உள்ளங்கையிலிருந்து அந்த உள்ளங்கைக்கு வீச வேண்டும், காற்றுப் போகிறவரை. பட், பட், பட். ஒன்று. பட், பட். இரண்டு. டாக்டர் சொன்னபோது இருபது நாளில் பழகிவிடும் என்று நினைத்தார்கள். அத்தைக்கு உப்பு ஒரு சிட்டிகைகூடக் கூடாது, காலெல்லாம் வீங்கியிருக்கிறது, சிறுநீரகம் தாங்காது. அத்தை ஆஸ்பத்திரி வாசலிலேயே சொல்லிவிட்டாள், உப்பில்லாத சோறு செத்தவங்களுக்குக்கூடப் போடமாட்டாங்க, எனக்குப் போடாதீங்க என்று. கியோங்தான் யோசனை சொன்னார். "அவுங்களுக்குத்தான் ருசி தெரியாதே. போடாத. போட்டேன்னு சொல்லு." எவ்வளவு சுலபமாகப் போயிற்று! சாடி மேல் அலமாரிக்குப் போயிற்று. உப்புச் சேர்க்காத இனிப்பான கறுப்புக் கிச்சாப் ஊற்றினால் நிறம் அப்படியே வந்துவிடும். அத்தை குச்சியில் எடுத்து நீட்டுவாள். "உப்பு?" தெய்வானை சப்பென்றிருந்த கறியை விழுங்கி, "சரியா இருக்கு அத்தை" என்பாள். காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. ஆறு மாதம். நல்லதுக்குத்தான். யாரைக் கேட்டாலும் நல்லதுக்குத்தான் என்றுதான் சொல்வார்கள். தெய்வானையும் கியோங்கும் பிறகு வேறு சட்டியிலிருந்து உப்புப் போட்டுச் சாப்பிட்டார்கள், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து. பட், பட். மூன்று. பட், பட். நான்கு. நாலாவது உருண்டையைத் தட்டில் வைத்துவிட்டுக் கையைக் கழுவக் குழாயைத் திறந்தாள். பட், பட், பட் என்று பின்னால் கேட்டது. குழாயை மூடினாள். சத்தம் இன்னும் இரண்டு தடவை கேட்டு நின்றது. கூரைத் தண்ணீர் வாளியில் சொட்டியிருக்கும். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வாளியை நேற்றே உள்ளே எடுத்து வைத்தது அப்புறந்தான் ஞாபகம் வந்தது.

போன் அடித்தபோது எண்ணெயில் உருண்டைகள் சிவந்துகொண்டிருந்தன. கியோங். "ஆரஞ்சு வாங்கிட்டேன். எரிக்கிற தாள் விக்கிற கடையில கூட்டம். பன்னண்டு மணிக்கு வந்துருவேன், நீ ஆரம்பிச்சிரு" என்றார். "காலைல உப்புச் சாடிய எடுத்தீங்களா?" என்று கேட்டாள். "நான் ஏன் எடுக்கப் போறேன்?" "சும்மாதான் கேட்டேன்."  "தேவா," என்றார், தன் அம்மா கூப்பிடுகிற மாதிரி, "பயமா இருந்தா நான் வந்தப்புறம் காசு போடலாம்." "எனக்கென்ன பயம்? நீங்க மெதுவா வாங்க" என்று வைத்துவிட்டாள். வைத்தபிறகு, வரச் சொல்லியிருக்கலாமே என்றிருந்தது.

மண்சட்டியின் அடியில் சீனக் கோபிஸின் நீண்ட வெளிறிய இலைகளைப் பரப்பி, உருண்டைகளை ஒவ்வொன்றாக இறக்கி, மேலே இன்னும் நாலு இலை போர்த்தி, தண்ணீர் விட்டு மூடினாள். இனி இரண்டு மணி நேரம் சின்னத் தீ. போர்த்தும்போது முகத்தை மூடுவது மாதிரி இருந்தது. அவள்தானே அன்றைக்கு மூடினாள், வெள்ளைத் துணியால். மேஜையின் அந்தப் பக்கம் பிரம்பு நாற்காலி கிடந்தது. அதன் மெத்தையில் குழி இன்னும் இருந்தது. ஒரு வருஷமாக யாரும் உட்காராத மெத்தை எழும்பி வரவேண்டாமோ? பஞ்சு பழசு, எழும்பாது, அவ்வளவுதான். சட்டி முணுமுணுக்கத் தொடங்கியது. அன்றைக்கும் இப்படித்தான் மழை. ஆறு மாதத்தில் அத்தை பாதியாகிவிட்டாள். கிண்ணத்தை வைத்ததும் குச்சியைக் கையில் எடுத்தாள், கறியைத் தொடவில்லை, தெய்வானையின் முகத்தையே பார்த்தாள். "உப்பு?" என்றாள். "சரியா இருக்கு அத்தை." "நீ சாப்பிடு." "அப்பறம் சாப்பிடுறேன்." அப்போது அத்தை குச்சிகளைக் கிண்ணத்தின் குறுக்கே படுக்க வைத்தாள். கோபமில்லை. கோபமாயிருந்தால் எவ்வளவோ நன்றாயிருந்திருக்கும். "ஆறு மாசமா நீ என் சட்டியில சாப்பிடல தேவா. இன்னைக்கு இதுல நீ ஒரு வாயி சாப்பிடு. அப்பறம் நான் சாப்பிடுறேன். நான் காத்திருக்கேன்லா." உப்பில்லாத அந்த உருண்டையை அவள் முன்னால் தின்று சரியாயிருக்கிறது என்று இன்னொரு தடவை சொல்ல அன்றைக்குத் தெய்வானைக்கு வாய் வரவில்லை. "மழை வருது, துணி எடுத்துட்டு வந்துர்றேன், நீங்க சாப்பிடுங்க" என்று பின்கட்டுக்குப் போனாள். துணி எடுக்க எத்தனை நேரம் ஆகும்? அவள் வேண்டுமென்றே ஒவ்வொன்றாக மடித்தாள், தலையணை உறையைக்கூட மடித்தாள். திரும்பி வந்தபோது குச்சிகள் வைத்த இடத்திலேயே இருந்தன. கண் பின்கட்டு வாசலைப் பார்த்தபடி திறந்திருந்தது. இதைக் கியோங்கிடம் அவள் சொல்லவில்லை. சாப்பிட உட்கார்ந்தாங்க, போயிட்டாங்க என்று மட்டும்தான் சொன்னாள்.

பதினொன்றரைக்குச் சட்டியை இறக்கினாள். கரண்டி எடுக்கத் திரும்பினாள், உப்புச் சாடி அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது. அண்ணாந்து பார்த்தாள். அலமாரியின் கொக்கி மாட்டியபடியே இருந்தது.  இந்தத் தடவை சாடியைத் தொடவில்லை. தொடாமல், அதைச் சுற்றி ஒதுங்கிப் போய், கிண்ணத்தில் இரண்டு உருண்டையும் ஒரு கோபிஸ் இலையும் எடுத்துவைத்து, சாறு ஊற்றி, கூடத்துக்கு நடந்தாள். கூடத்து மேஜைமேல் இருந்த படத்தில் அத்தை பசார் உடையில் இருந்தாள். கிண்ணம், சோறு, தேநீர், குச்சி. ஊதுவத்தி மூன்று. பாதி எரிகிறவரை தரையில் உட்கார்ந்திருந்தாள், அடுக்களைப் பக்கம் முதுகைக் காட்டாமல். காசு இரண்டும் அத்தையுடையதுதான். சிவப்புச் சாயம் என்பது தெய்வானையின் நகப்பூச்சு, ஒரு தீபாவளிக்கு வாங்கியதை அத்தை பாதி பூசித் தீர்த்துவிட்டாள். "சாப்பிட்டாச்சா அத்தை?" போட்டாள். இரண்டும் சிவப்பு. இன்னும் இல்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடி. இரண்டும் சிவப்பு. மறுபடி. ஒரு காசு உருண்டு, மேஜைக்காலில் மோதி, வட்டம் போட்டு, நின்று, யோசித்து, மற்றதைப் போலவே சிவப்பாகச் சாய்ந்தது. என்னதான் வேண்டும் உங்களுக்கு? கோழி வைத்தாயிற்று, வாத்து வைத்தாயிற்று, நீங்கள் தொடாமல் விட்டுப்போனதையே வைத்தாயிற்று. எதற்குக் காத்திருக்கிறீர்கள்? கேட்டவுடனேயே தெய்வானைக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. நான் காத்திருக்கேன்லா. அத்தை அன்றைக்கே சொல்லிவிட்டுத்தானே போனாள்! ஒரு வருஷமாக அத்தை சாப்பிடட்டும், பிறகு தான் தொடலாம் என்று இவள் காத்திருக்கிறாள். இவள் தொடட்டும், பிறகு சாப்பிடலாம் என்று அங்கே அவள் காத்திருக்கிறாள். இரண்டு பேரும் இப்படியே இருந்தால் அந்தக் கிழவி எத்தனை வருஷம் பசியோடு உட்கார்ந்திருப்பாள்?

எச்சில் பண்ணப் போகிறாய் என்று அம்மாவின் குரல் கேட்டது. பானை, காட்டாறு, வெள்ளைத் தண்ணீர். ஒங்கப்பன் பட்டினியாப் போவாருடி. தெய்வானை மேஜையிலிருந்து படையல் கிண்ணத்தைக் கீழே இறக்கினாள். சாறு மடியில் சிந்தியது. அத்தையின் குச்சியாலேயே உருண்டையைப் பிளந்தாள். அது உடையாமல், மெத்தென்று வழிவிட்டது. வாயில் வைத்தாள். கொழுப்பு கரைந்தது, இஞ்சி மணத்தது, கோபிஸின் இனிப்பு வந்தது. உப்பு இல்லை. ஒரு துளியும் இல்லை. ஆறு மாதம் பழகின கை இன்றைக்கும் போடாமலே செய்து வைத்திருக்கிறது, அதுவும் நிறத்துக்கு அதே உப்பில்லாத கிச்சாப் ஊற்றி. வாயில் இருந்ததை விழுங்க முடியாமல் விழுங்கினாள். படத்தை நிமிர்ந்து பார்த்து, கியோங்கிடம்கூடச் சொல்லாததைச் சத்தமாகவே சொன்னாள். "உப்பு இல்ல அத்தை. அன்னைக்கும் இல்ல. ஆறு மாசமா இல்ல. நான் பொய் சொன்னேன். ஒங்க நாக்கு மேலயே பொய் சொன்னேன். ஒங்க முன்னால திங்கப் பயந்துதான் துணி எடுக்கப் போனேன்." எழுந்து அடுக்களைக்கு நடந்தாள். காலையிலிருந்து முதல் தடவையாக முதுகுப் பக்கம் குளிரவில்லை. சாடி அதே இடத்தில் இருந்தது, இப்போது மூடி கழன்று பக்கத்தில் கிடந்தது. இரண்டு விரலால் உப்பை எடுத்துவந்து கிண்ணத்தில் போட்டு, கலக்கி, இன்னொரு துண்டு தின்றாள். நிதானமாக மென்றாள். "இப்ப சரியா இருக்கு" என்று தலையாட்டினாள். கிண்ணத்தை மேலே வைத்து, குச்சிகளை அத்தையின் இடது கைப் பக்கமாக வைத்தாள். தனக்கும் ஒரு கிண்ணம் அதே சட்டியிலிருந்து எடுத்துவந்து, உப்புப் போட்டுக்கொண்டு, படத்துக்கு எதிரே தரையில் உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினாள். காசைப் போட்டாள். இரண்டும் சிவப்பு.

வாசலில் கார்க்கதவு சாத்தும் சத்தம். கியோங் நனைந்த குடையோடும் ஆரஞ்சுப் பையோடும் உள்ளே வந்தார். முதலில் தரையிலிருந்த காசுகளைப் பார்த்தார், பிறகு அவள் கையில் பாதி தின்ற உருண்டையைப் பார்த்தார், அப்படியே நின்றுவிட்டார். "இன்னும் முடிக்கலயா?" என்றார். மேஜைமேல், கிண்ணத்தின் விளிம்பில், குச்சி தட்டுகிற மாதிரி மெல்ல ஒரு சத்தம் கேட்டது. தெய்வானை நிமிர்ந்து பார்க்கவில்லை. வாயில் இருந்ததை மென்று விழுங்கினாள்.

"முடிக்கல. இப்பத்தான் சாப்பிட ஆரம்பிச்சிருக்காங்க. கை கழுவிட்டு வந்து உக்காருங்க."